பழைய வண்டியில் கரண்ட் கோளாறு: பாகத்தை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

சாவியை ஒரு படி மட்டும் திருப்பி நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மீட்டர் போர்டில் என்னென்ன லைட் எரிகிறது என்று பத்து விநாடி நிதானமாகப் பாருங்கள். சார்ஜ் லைட், ஆயில் லைட், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் பிரேக் லைட், டீசல் வண்டி என்றால் சுருள் கம்பி படம் போட்ட ஹீட்டர் லைட், கொஞ்சம் பிந்தைய மாடல் என்றால் என்ஜின் லைட்டும் ஏபிஎஸ் லைட்டும், இவையெல்லாம் இந்த நிலையில் எரிய வேண்டும். எரிய வேண்டிய லைட் எரியாமல் இருப்பதும் கோளாறுதான். சொல்லப்போனால் அதுதான் ஆபத்து, ஏனென்றால் ஆயில் பிரஷர் போனாலும் உங்களுக்குச் சேதி வராது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். தொல்லை கொடுத்த லைட்டின் பல்பையே பிடுங்கிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் பாலக்கோடு பக்கம் தக்காளி லோடு ஓட்டுகிறவன், மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கமும் போவேன். வண்டி பழைய டீசல் பிக்கப். ஒயரிங் வேலையை நான் பாடமாகப் படிக்கவில்லை, வழியில் நின்று நின்று கற்றுக்கொண்டேன், அதற்குக் கொடுத்த காசும் கொஞ்சமில்லை. அந்தக் காசு உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்த லைட்டுக்கு உடனே நிறுத்த வேண்டும்

ஓடும்போது சிவப்பில் ஆயில் லைட் எரிந்தால் அடுத்த ஊர் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி உடனே ஆஃப் செய்யுங்கள். ஐந்து நிமிடம் விட்டு ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, திரும்ப விட்டு அளவு பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றுங்கள், லைட் அணைகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிகிறது என்றால் இரண்டு வழி உண்டு: பிரஷர் நிஜமாகவே இல்லை, அல்லது என்ஜினில் திருகியிருக்கும் ஆயில் சுவிட்சோ அதன் ஒயரோ பழுது. சாவி ஆனில் இருக்க, சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய பிறகும் லைட் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது (வண்டியின் இரும்பு வழியாகத்தான் கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிறது, அந்த வழிதான் எர்த்). கழற்றியதும் அணைந்தால் ஒயர் நல்லது, சுவிட்சா பிரஷரா என்பதை மெக்கானிக் அந்தச் சுவிட்ச் இடத்தில் பிரஷர் மீட்டர் மாட்டித்தான் சொல்ல முடியும். அதுவரை என்ஜினை ஓட்ட வேண்டாம். சுவிட்சுக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு, பேரிங் பிடித்துவிட்டால் ஒரு சீசன் வருமானம்.

டெம்பரேச்சரும் அப்படித்தான். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: ரேடியேட்டர் தண்ணீர் முழுக்க வற்றிவிட்டால் சென்சார் வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும், அப்போது முள் கீழே இறங்கவும் செய்யும். முள் மேலே போய்விட்டுத் திடீரென்று இறங்கினால் நல்லதாகிவிட்டது என்று நம்பி ஓட்டாதீர்கள். மாறாக, காலையில் குளிர்ந்த என்ஜினில் சாவி போட்டதுமே முள் சிவப்புக்கு எகிறினால் அது சூடு இல்லை, சென்சார் ஒயர் எர்த் ஆகிறது.

சார்ஜ் லைட்டும் டெம்பரேச்சரும் ஒன்றாக ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும், பல வண்டிகளில் பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. சார்ஜ் லைட் மட்டும் எரிந்தால் பகலில் பழைய டீசல் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டினால் பேட்டரி சீக்கிரமே தீரும், அதனால் வெளிச்சமுள்ள இடம் பார்த்து நிறுத்துங்கள்.

பிரேக் லைட் எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக், அடுத்து பிரேக் ஆயில் அளவு. இரண்டும் சரியில்லாமல் தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர் இறக்கத்தில் இறங்கவே கூடாது. அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன லாரிகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்.

மஞ்சள் என்ஜின் லைட் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகளில் கட்டாயம் இருக்கும் (2017 ஏப்ரலில் அது நாடு முழுக்க வந்தது), ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டும் இருக்கும், அதில் ஸ்கேனர் போட்டால் கோளாறுக்கான எண், அதாவது கோடு (code) வரும். கோடு எந்தப் பாதையில் கோளாறு என்றுதான் சொல்லுமே தவிர எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0171 வந்தால் உடனே ஆக்சிஜன் சென்சார் வாங்காதீர்கள். கலவையில் காற்று அதிகம் என்பதுதான் அதன் பொருள், ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலும் அதே கோடு வரும். லைட் மின்னி மின்னி எரிந்தால் என்ஜின் மிஸ் ஆகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் சரியாக எரியவில்லை, ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டெஸ்ட் லேம்ப். 5 வாட் பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர், ஒன்றில் கிளிப், ஒன்றில் ஊசி, அவ்வளவுதான், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அப்புறம் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டிசி 20 வோல்ட்டில் வைத்தால் முக்கால்வாசி வேலை முடியும். ஏர்பேக் ஒயரிலும் கம்ப்யூட்டர் பெட்டி ஒயரிலும் டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள், அங்கே மீட்டர் மட்டும்தான், ஏர்பேக் பக்கம் அதுவும் வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும்.

பேட்டரி

வண்டி இரவு முழுக்க நின்றபின் காலையில் எதையும் போடாமல் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் அந்த பேட்டரியைப் பற்றி எந்த முடிவும் சொல்லக் கூடாது. அடுத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால், முழு சார்ஜில் இருந்தும் விழுந்தால், பேட்டரி ஓய்ந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம் தருமபுரி மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடும் உப்பும் எவ்வளவு என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மனிதன் பல்லையே கறையாக்குகிற தண்ணீரை பேட்டரியில் ஊற்றினால், உள்ளே ஈயத் தகட்டில் உப்பு படிந்து ஆயுள் குறையாமல் என்ன செய்யும்? ரேடியேட்டருக்கும் இதே பேச்சுதான்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்ப சோடாவை வெந்நீரில் கலந்து ஊற்றிக் கழுவுங்கள், மூடித் துளை வழியாக உள்ளே போகாமல். உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

என்னை ஒரு வருஷம் அலையவிட்ட எர்த்

இப்போது முக்கியமான இடம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் லோடு இறக்கிவிட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூர் ஏற்றத்தில் ஹெட்லைட் மங்கியது. அதோடு டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் என்ஜின் சாதாரணச் சூடுதான், ரேடியேட்டர் நிறையத் தண்ணீர். ஹெட்லைட்டை அணைத்தால் முள் இறங்குகிறது, போட்டால் ஏறுகிறது. எனக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் ஒரு கடையில் காட்டினேன், பேட்டரி போச்சு என்றார்கள், மாற்றினேன். ஒரு மாதம் ஓடியது, திரும்பவும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. டைனமோவைப் பிரித்து கார்பன் பிரஷ் மாற்றினார்கள். அப்புறம் செல்ஃப் மோட்டாரையும் பிரித்தார்கள். அப்புறம் இன்னொரு பேட்டரி. ஒரு நாள் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகிக்கொண்டது, கழற்றினால் மேல் உறை உருகிப் போயிருந்தது. அதையும் மாற்றினேன், ஏன் உருகியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியில் வயதான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வண்டியைத் தொடக்கூட இல்லை, கேபிள் கதையைச் சொன்னதுமே, "தம்பி, இன்ஜின் எது மேல உக்காந்திருக்கு?" என்றார்.

"ரப்பர் மவுண்ட் மேலண்ணா."

"ரப்பர்ல கரண்ட் போகுமா?"

அவ்வளவுதான் விஷயம். பேட்டரி மைனஸ் சேஸிஸில் இணைந்திருக்கிறது. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் என்ஜினில் இருக்கின்றன. என்ஜின் ரப்பரில் நிற்பதால், இரண்டுக்கும் நடுவே கரண்ட் திரும்பி வர ஒரு பின்னல் செம்புப் பட்டை போட்டிருப்பார்கள், அதுதான் எர்த் ஸ்ட்ராப். என் வண்டியில் அது போல்ட் இடத்தில் களிம்பேறி, பாதி இழைகள் அற்றுப்போய், பெயருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் எப்படியாவது திரும்பியாக வேண்டும், அதற்கு வேறு வழியில்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. கேபிள் உருகியது அதனால்தான். ஹெட்லைட் போட்டதும் டைனமோ அதிக கரண்ட் அனுப்ப வேண்டியிருந்தது, அது அறுந்த ஸ்ட்ராப்பில் திணறி, என்ஜினில் எர்த் ஆகும் டெம்பரேச்சர் சென்சாரின் கணக்கையும் குழப்பியது. சார்ஜ் முழுதாகப் போய்ச் சேராமல் புது பேட்டரி இரண்டும் பாதி வயிற்றோடு கிடந்திருக்கின்றன. நான் வாங்கியது எல்லாமே நல்ல பாகங்கள், கழற்றிப் போட்டதும் நல்ல பாகங்கள்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோளாறுகள் ஒரே சமயத்தில் வந்தால், தனித்தனியாக வைத்தியம் பார்க்காதீர்கள். அவை எல்லாம் சேருமிடம் எது என்று தேடுங்கள். பழைய வண்டியில் அது பெரும்பாலும் எர்த், இல்லாவிட்டால் சாவி சுவிட்ச்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை சுலபம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் ஈயக் கட்டையில் வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல, கட்டையிலேயே. இன்னொரு முனையை என்ஜினில் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பில் வையுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் போகப் போக அந்த வழியில் அவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பொருள். என் வண்டியில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அடுத்து ஒரு முனையைக் கட்டையிலேயே வைத்து, இன்னொரு முனையை கிளாம்ப், சேஸிஸ் போல்ட், ஸ்ட்ராப்பின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் அளவு குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. பிளஸ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி பிளஸ் கட்டைக்கும் செல்ஃப் மோட்டார் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.5க்கு மேல் போகக் கூடாது. மீட்டரை ஓம்ஸில் (தடை அளக்கும் இடத்தில்) வைத்து ஒயரைப் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரே ஓர் இழை ஒட்டியிருந்தாலும் ஓம்ஸ் நல்லது என்றுதான் காட்டும், அதிக கரண்ட் போகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளை பேட்டரி மைனஸிலிருந்து நேராக என்ஜின் இரும்பில் பிடித்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். சட்டென்று சுற்றினால் எர்த்தான்.

சார்ஜ் ஆகிறதா என்று பார்ப்பது

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் 13.5 பக்கத்தில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியைக் கொதிக்க வைக்கும், பல்புகளும் அடிக்கடி போகும். டைனமோ பின்பக்கத்துப் பெரிய போல்ட்டில் 14.3 இருந்து பேட்டரியில் 13 மட்டும் வந்தால் டைனமோவைப் பிரிக்காதீர்கள், நடுவில் இருக்கும் ஒயரைப் பாருங்கள்.

பழைய டைனமோக்களில் இன்னொன்று. சார்ஜ் லைட் பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போய் அது விழித்துக்கொள்கிறது. பல்பு ஃப்யூஸ் போனால் டைனமோ நன்றாக இருந்தும் சார்ஜ் ஆகாமல் போகும், சில சமயம் நன்றாக ரேஸ் செய்தால் மட்டும் ஆரம்பிக்கும். சாவி போட்டதும் அந்த லைட் எரிகிறதா பாருங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். ஓடும்போது லேசாக, மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் டைனமோ டயோடு அல்லது பிரஷ் தேய்மானம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லது என்று காட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கழற்றும் அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறும், டயோடும் போகும், கம்ப்யூட்டர் பெட்டி இருந்தால் அதுவும் போகும். யார் செய்யப் போனாலும் தடுத்துவிடுங்கள்.

ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால்

சிகரெட் பெட்டித் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைக்கவே வேண்டாம். அடுத்து எரிவது ஃப்யூஸ் இல்லை, ஒயரிங்தான். பிளேடு ஃப்யூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். எது இருந்ததோ அதையே போடுங்கள்.

ஷார்ட் எங்கே என்று தேட ஒரு வழி: ஃப்யூஸ் இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும், ஆனால் ஒயர் சுடாது. இப்போது அந்த ஃப்யூஸில் வரும் ஒயர்களை ஒவ்வோர் இடமாக ஆட்டிப் பாருங்கள், கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எங்கே பல்பு மங்குகிறதோ அங்கே உரசல். கதவு கீல், பின் டோர், சேஸிஸ் திருப்பம், டெயில் லேம்ப் போகும் வழி, இவைதான் வழக்கமான இடங்கள். மாந்தோப்பிலும் களத்திலும் நிறுத்தும் வண்டி என்றால் எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் பேட்டரி இறங்கினால்

சாவியை எடுத்து, கதவெல்லாம் சாத்தி, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, கட்டைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் மாட்டுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் அன்றோடு சரி. சில நிமிடம் பொறுத்து 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்தால் சாதாரணம். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியில் இன்னும் குறைவாகவே இருக்கும். அதிகமாக இருந்தால் ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவியதும் விழுகிறதோ அந்த வரிசையில் தேடுங்கள். எல்லா ஃப்யூஸும் எடுத்தும் விழாவிட்டால் டைனமோ பெரிய ஒயரைக் கழற்றிப் பாருங்கள் (கழற்றும்போது மீட்டரை மைனஸிலிருந்து எடுத்துவிட்டு), டயோடு ஒழுகியிருக்கலாம். பிற்பாடு மாட்டிய பாட்டுப் பெட்டி, கலர் லைட், ரிவர்ஸ் கேமரா, இவை எங்கிருந்து கரண்ட் எடுக்கின்றன என்பதை முதலிலேயே பார்ப்பது நல்லது.

சின்னச் சின்ன அடையாளங்கள்

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரோ பார்க்கிங்கோ சேர்ந்து மங்கலாக எரிந்தால் டெயில் லேம்ப் எர்த் போய்விட்டது, லேம்ப்பை மாற்ற வேண்டாம், ஒரு எர்த் ஒயரைச் சுரண்டி இறுக்கினால் போதும். செல்ஃப் அடித்தால் டிக் டிக் டிக் என்று தொடர்ந்து வந்தால் பேட்டரி அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கனத்த டக் மட்டும் வந்து சுற்றாவிட்டால் எர்த் அல்லது செல்ஃப் மோட்டார். சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சின்ன ஒயர்.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று 100/90 வாட் பல்பு போடுகிறவர்களுக்கு: சாதாரண 60/55 பல்பு இரண்டும் ஹை பீமில் 10 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 17. பழைய வண்டியில் அது முழுக்க சுவிட்ச் வழியாகப் போகிறது, சுவிட்ச் உருகுவது அதனால்தான். பழைய பல்பையே வைத்துக்கொண்டு, ரிலே இரண்டு மாட்டி பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் ஃப்யூஸோடு இழுங்கள். ரிலே கால்களில் எண் போட்டிருக்கும்: 30இல் பேட்டரி, 87இல் பல்பு, 85, 86இல் பழைய சுவிட்ச் ஒயரும் எர்த்தும். வெளிச்சம் கூடியதை அன்றைக்கே பார்ப்பீர்கள்.

மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் அதிகாலையில் டீசல் வண்டி எடுக்காமல் வெள்ளைப் புகை தள்ளினால், ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். பிளக்குகளை மேலே இணைத்திருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி பிளஸில் மாட்டி, ஊசியை ஒவ்வொரு பிளக் முனையிலும் வையுங்கள். எரிந்தால் பிளக் நல்லது, எரியாத பிளக்கை மட்டும் மாற்றுங்கள்.

நான் இப்போது ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை எர்த் போல்ட்டுகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டு, வாசலின் தடவி இறுக்குகிறேன். அரை மணி நேர வேலை. அளந்ததைத் தேதியோடு ஒரு சின்ன நோட்டில் எழுதி, டெஸ்ட் லேம்ப், நாலு கலர் ஃப்யூஸ், ஒரு ரிலே, 10ஆம் நம்பர் ஸ்பேனர் எல்லாவற்றோடும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். போன தையில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் என்ஜினுக்கும் நடுவே 0.12 வோல்ட்.